அழுக்காக்கித் தர முடியுமா? – கம்ப்ரஸர் இல்லாமல் ஒரு மீட்டர் கேஜ் எஞ்சினுக்கு வயதேற்றிய கதை

எங்கள் தெருவில் எல்லோரும் பெரியப்பா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்தில் அந்த வயதுக்காரர்கள் பாதிப் பேர் யாரோ ஒருவருக்குப் பெரியப்பாதான். இவர் ரயில் ஓட்டியவர் என்பதால் தெருவுக்கே பெரியப்பா. மீட்டர் கேஜ் காலத்தில் மாயவரம், திருவாரூர், காரைக்குடி என்று இந்தப் பக்கத்துப் பாதைகளிலேயே பெரும்பாலும் ஓடியவர். போன வருடம் அவருக்கு எழுபது வயதுக்கான பீமரத சாந்தி நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன், அப்பா ஓட்டிய ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சினின் மாடல் ஒன்றை ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கி வந்திருந்தார். கருநீல உடம்பு, நடுவில் கிரீம் பட்டை, பளபளவென்று இருந்தது.

பெரியப்பா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்குப்பா. நான் ஓட்டுனது இது இல்ல."

மறுநாள் காலை மகன் மாடலைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணே, இதைக் கொஞ்சம் அழுக்காக்கித் தர முடியுமா?"

மாடல்காரர்கள் இந்த வேலையை வெதரிங் என்பார்கள். வெயில், மழை, எண்ணெய், புகை எல்லாம் பட்டு உழைத்த வண்டி போலத் தோற்றம் கொண்டுவருவது. நான் புரட்டாசியில் தொடங்கி மாசியில் முடித்தேன். நடுவில் ஒருமுறை முழுக்கக் கெடுத்தேன், இன்னொருமுறை பாதி கெடுத்தேன்.

வண்டியும் அளவும்

ஒய் என்றால் மீட்டர் கேஜ், டி என்றால் டீசல், எம் என்றால் பயணிகள் வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கக் கூடியது. அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் வடிவமைப்பு. பிறகு வாரணாசியிலேயே கட்டினார்கள். ஆறு சிலிண்டர், ஆறு அச்சு. ஒரு பக்கம் நீளமான மூக்கு, மறுபக்கம் குட்டை மூக்கு, இடையில் டிரைவர் அறை.

மாடல் 87-இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். நடைமுறையில் 12 மில்லிமீட்டர் தடத்தில் ஓட்டுகிறார்கள். இந்த மாடலின் உடம்பு 3டி பிரிண்டரில் எடுத்தது, அடியில் வேறொரு மாடல் எஞ்சினிலிருந்து எடுத்த மோட்டாரும் சக்கரமும்.

இந்த 87 என்ற எண்ணை வேலை முடியும்வரை மறக்கக் கூடாது. மாடலில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்தது போலப் புள்ளி வைத்தால், நிஜ வண்டியில் அது கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். அந்த மாதிரி ஐம்பது இடத்தில் உரிந்த எஞ்சினை எந்த ஷெட்டும் லைனுக்கு அனுப்பாது. நான் முதலில் செய்த தப்பே இதுதான்.

ஏன் ஏர்பிரஷ் இல்லை

ஏர்பிரஷ் என்பது கம்ப்ரஸர் அழுத்தும் காற்றால் பெயிண்டைத் தூவும் சிறு துப்பாக்கி. அது என்னிடம் இல்லை என்பது முதல் காரணம். கம்ப்ரஸரும் துப்பாக்கியும் சேர்த்து வாங்கும் காசுக்கு இன்னும் இரண்டு மாடல் செய்யலாம். ஒட்டு ஒட்டாக வீடுகள் இருக்கும் தெருவில் ராத்திரி பத்து மணிக்குக் கம்ப்ரஸர் ஓட்டினால் அக்கம்பக்கத்தில் முகம் கொடுத்துப் பேச முடியாது. இன்னொன்றும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊர்க் காற்றை அழுத்தினால் அதிலிருக்கும் ஈரம் குழாயிலேயே தண்ணீராகும். வடிகட்டி சரியாக இல்லாவிட்டால் பெயிண்டோடு சேர்ந்து துப்பும். வைத்திருக்கும் நண்பர் ஒருவர் மழைக்காலம் முழுக்க அதை மூடியே வைத்திருக்கிறார்.

ஏர்பிரஷ் நன்றாகச் செய்வது ஒன்று உண்டு: விளிம்பே தெரியாமல் மெல்லிய தூசிப் படலம் போடுவது. மற்றபடி ஒழுகல், கறை, தேய்மானம், உரிசல் எல்லாமே கைவேலைதான். அது இருப்பவர்களும் இதற்கெல்லாம் கடைசியில் தூரிகையைத்தான் எடுக்கிறார்கள்.

முதல் முயற்சி: துருப்பிடித்த கப்பல்

நான் உட்கார்ந்தவுடன் செய்தது, எல்லோரும் செய்வது. ஆரஞ்சும் பழுப்பும் கலந்த அக்ரிலிக் பெயிண்டைத் தூரிகையில் தொட்டு, துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மேடான இடங்களிலெல்லாம் இழுத்தேன். டிரைபிரஷ் என்பது இதுதான். பிறகு பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி, கரும்பழுப்பில் தொட்டு, அங்கங்கே ஒற்றினேன். கதவு விளிம்பு, கூரை, படி எதையும் விடவில்லை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எனக்கு ரொம்பத் திருப்தி.

பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. "என்னப்பா, நாகப்பட்டினம் கடல்ல முங்கிக் கெடந்ததை எடுத்தாந்த மாதிரி இருக்கு? இது ஓடுற வண்டிப்பா. வாரம் தப்பாம கழுவுவோம்."

அதுதான் பிழை. துரு நின்றுபோன வண்டியின் அழுக்கு. ஓடுகிற வண்டிக்கு வேறு அழுக்கு. அக்ரிலிக் முழுக்கக் காய்ந்து ஒரு நாளே ஆகியிருந்ததால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தேன். முக்கால்வாசி வந்துவிட்டது. நீலப் பெயிண்டும் இரண்டு இடத்தில் கூடவே வந்துவிட்டது. அதை வேறு கலக்கித் தொட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

திண்ணையில் எடுத்த வாக்குமூலம்

இதற்கப்புறம் தூரிகையைத் தொடாமல் மூன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். இந்த வேலையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான் என்று நினைக்கிறேன். எங்கே அழுக்காக இருக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு அழுக்கும் எங்கிருந்து வரும் என்று கேட்டேன்.

புகை. ஆல்கோ எஞ்சின் கறுப்பாகப் புகைவிடுவதற்கு ஊரில் பெயர்போனது. டிரைவர் நாட்சை, அதாவது எஞ்சினின் வேகப்படியை, ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். காற்றைத் தள்ளும் டர்போ வேகம் பிடிக்கச் சற்று நேரம் ஆகும். அந்த இடைவெளியில் பாதி எரிந்த கரி புகைபோக்கி வழியே வெளியே வரும். "ஸ்டேஷனை விட்டுக் கிளம்புறப்ப பாரு, பிளாட்பாரத்துல வெள்ளை வேட்டிக்காரன் எல்லாம் ஒதுங்குவான்" என்றார். ஆகவே கரி, மூக்கின் மேல்பக்கம் புகைபோக்கியைச் சுற்றித்தான் கனமாக இருக்கும். வண்டி இரண்டு பக்கமும் ஓடுவதால் முன்னும் பின்னும் பரவும். மழை பெய்தால் கூரை விளிம்பிலிருந்து பக்கச்சுவரில் மெல்லிய கோடாக இறங்கும்.

அடுத்து அடிப்பகுதி. சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான போகி ஏன் எப்போதும் பழுப்பாக இருக்கிறது, அது துருதானே என்று கேட்டேன். "துருன்னா துருதான், ஆனா வண்டியோட துரு இல்லப்பா. பிரேக் கட்டைத் தூளு." வார்ப்பிரும்புக் கட்டை சக்கரத்தில் உரசும்போது பொடிப்பொடியாக இரும்பு உதிர்ந்து பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றிலும் ஒட்டும். அந்தப் பொடி துருப்பிடித்துத்தான் அந்தப் பழுப்பு. அப்படியானால் அது ஆரஞ்சு இல்லை, கரும்பழுப்பு. கொப்புளமாக இருக்காது, மாவு தூவியது போல மெத்தென்று இருக்கும். பிரேக்குக்குப் பக்கத்தில் அதிகம், மேலே போகப்போகக் குறைவு.

மண்ணைப் பற்றிப் பேசியபோது அவர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டார். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரும்வரை வல்லம் பக்கத்துச் செம்மண். தஞ்சாவூர் தாண்டிவிட்டால் வண்டல், சாம்பல் கலந்த பழுப்பு. பராமரிப்புக்குத் திருச்சிப் பக்கம் பொன்மலை போய்வந்த வண்டியின் அடியில் சிவப்பும், அதற்குமேல் நம்ம ஊர்ச் சாம்பல் நிறமும் இருக்கும் என்றார். தையில் அறுப்புக் காலமானால் வைக்கோல் தூசியும் பதரும் ரேடியேட்டர் சல்லடையில் பஞ்சு பஞ்சாக அடைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் நீள மூக்கின் கோடியில் இருக்கிறது. கூரையிலுள்ள விசிறி பக்கவாட்டிலிருந்து காற்றை இழுப்பதால் தூசியும் அங்கேதான் போய் அப்பும்.

எண்ணெய்க் கறையை நான் கேட்காமலே சொன்னார். டீசல் நிரப்பும் வாய்க்குக் கீழே டாங்க்கில் எப்போதும் ஒரு நாக்கு மாதிரி கறுப்பு ஒழுகல் உண்டு. அது பளபளப்பாக இருக்கும். அதன்மேல் தூசி ஒட்டி ஓரம் மட்டும் மங்கும். கடைசியாகப் படிகள். டிரைவரும் உதவியாளரும் பூட்ஸ் வைக்கும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து இரும்பு மினுங்கும். கைப்பிடிக் கம்பியும் அப்படித்தான், அதுவும் தோள் உயரத்துக்கு மட்டும்.

சாமான்கள்

தஞ்சாவூரில் ஓவியம் போடுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் பூஜ்ய நம்பர் தூரிகை இரண்டு, தட்டைத் தூரிகை ஒன்று வாங்கினேன். தஞ்சாவூர் ஓவியத்தில் சாமி கண்ணுக்குக் கோடு இழுக்கும் தூரிகைதான். நுனி பிரியாமல் நிற்கிறது. ஆயில் பெயிண்டில் மூன்று குழாய்: பர்ன்ட் அம்பர், ரா அம்பர் என்ற இரண்டு பழுப்பு, அப்புறம் வெள்ளை. டர்பன்டைன் ஒரு பாட்டில். மீதி எல்லாம் வீட்டில் கிடைத்தவை.

பொடிகள் விஷயத்தில் கொஞ்சம் அதிகமாகவே விளையாடினேன். கோலத்துக்கு ஓரம் கட்டும் காவி உண்மையிலேயே இரும்பு ஆக்சைடு. பிரேக் தூளுக்கு அதைவிடப் பொருத்தமான பொடி எந்த மாடல் கடையிலும் கிடையாது. கொஞ்சம் கரி சேர்த்தால் சரியான கரும்பழுப்பு வந்துவிடும். வண்டல் தூசிக்கு அரசலாற்றுக் கரையிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து, காயவைத்து, இடித்து, வேட்டித் துணியில் சலித்தேன். சின்ன வயதில் ஆற்றுமணலில் காந்தத்தை இழுத்துக் கறுப்புத் தூள் சேர்த்தது ஞாபகம் வந்தது. நல்லவேளை வந்தது. மாடலுக்குள் இருக்கும் மோட்டாரிலும் காந்தம் உண்டு. அந்தத் தூள் உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் மோட்டார் முடிந்தது. சலித்த மண்ணைக் காகிதத்தில் பரப்பி, பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை நாலைந்து முறை மேலே ஓட்டினேன். மீசை முளைத்த மாதிரி தூள் வந்தது.

புகைக்கரிக்குப் பாட்டி காலத்துக் கண்மை முறை. விளக்கெண்ணெய் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து எடுத்த கரி. இவ்வளவு மென்மையான கறுப்பை நான் பார்த்ததில்லை. இவ்வளவு தொல்லை பிடித்ததையும் பார்த்ததில்லை. சுண்டுவிரலில் பட்டால் சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டில் தெரியும்.

வேலை நடந்த விதம்

வரிசைதான் இங்கே முக்கியம். பளபளப்பான மேல்பூச்சில் நீர்த்த பெயிண்ட் வழுக்கிக்கொண்டு மூலைகளுக்குள் ஓடிவிடும். மிச்சத்தைத் துடைத்து எடுக்கலாம். மங்கலான, சொரசொரப்பான பூச்சில் அது நின்ற இடத்திலேயே கறையாகும், ஆனால் பொடி நன்றாகப் பிடிக்கும். ஆகவே முதலில் பளபளப்பு தரும் கிளாஸ் வார்னிஷ், அதன்மேல் நீர்த்த பெயிண்டும் ஆயில் ஒழுகலும், பிறகு மங்கலாக்கும் மேட் வார்னிஷ், கடைசியில் பொடி. எண்ணும் எழுத்தும் ஒட்டிய ஸ்டிக்கர்களையும் அந்த முதல் கிளாஸ் பூச்சு காப்பாற்றும்.

ஆயில் பெயிண்டை நேரே குழாயிலிருந்து எடுக்கவில்லை. அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி நேரம் விட்டால் எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும். மிஞ்சிய விழுது சீக்கிரம் காயும், மினுக்காது. அதை டர்பன்டைனில் தேநீர் நிறத்துக்குக் கரைத்து, பூஜ்யத் தூரிகையால் கதவு இடுக்குகளிலும் திருகு தலைகளிலும் தொட்டால் போதும், தானாக ஓடிக்கொள்ளும். கால் மணி கழித்து, ஈரமில்லாத பஞ்சால் மேலிருந்து கீழாக மட்டும் துடைத்தேன். பக்கவாட்டில் துடைத்தால் மழைக்குப் பதில் புயலடித்த மாதிரி இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒழுகல் கோடுகள். கூரை விளிம்புக்குக் கீழே ஊசிமுனை அளவு பெயிண்டை ஒரு புள்ளி வைத்து, டர்பன்டைனில் நனைத்து ஒற்றிய தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. அதிகமானால் இன்னொரு இழுப்பு. ஆயில் பெயிண்ட் மணிக்கணக்கில் காயாது என்பதால் பிடிக்காவிட்டால் முழுவதும் துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்கலாம். ஏர்பிரஷில் இந்தச் சலுகை கிடையாது. நீலத்தின்மேல் வெள்ளையும் ரா அம்பரும் கலந்து மிக லேசாகப் பரப்பியதில், வெயிலில் வெளிறிய நீலம் வந்தது. சுத்தக் கறுப்புப் பெயிண்டை எங்கும் பயன்படுத்தவில்லை. கைக்கடக்கமான பொருளில் சுத்தக் கறுப்பு ஓட்டை மாதிரிதான் தெரியும்.

கண்ணாடியில் வைப்பர் துடைக்கும் வில்வடிவத்தை மறைப்பு டேப்பில் வெட்டி ஒட்டிவிட்டு மற்ற இடத்தில் மண் நிறம் ஒற்றினேன். பிரித்தபோது டிரைவர் பார்க்கும் அந்தச் சுத்தமான வில் வந்தது. ஐந்து நிமிட வேலைதான். பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் விரல் வைப்பது இதில்தான்.

சக்கரத்துக்கு ஒரு தந்திரம். எஞ்சினைத் தலைகீழாக மெத்தையில் படுக்கவைத்து, 9 வோல்ட் பாட்டரியின் கம்பிகளைச் சக்கரங்களில் தொட்டால் சக்கரம் சுழலும். தூரிகையை அசையாமல் பிடித்தால் போதும். தண்டவாளத்தில் படும் விளிம்பில் மட்டும் எதுவும் படக்கூடாது, மின்சாரம் அந்த வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. படிகளுக்கும் கைப்பிடிக்கும் பெயிண்டே வேண்டியிருக்கவில்லை. 6பி பென்சிலைத் தேய்த்தாலே இரும்பு மினுங்குகிறது.

ஐப்பசியில் வார்னிஷ் அடித்த அறிவாளி

ஆயில் வேலை காய ஒரு வாரத்துக்கு மேல் விட்டேன். அதற்குள் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் மழை விட்டதும் மாடிக்கு ஓடி, ஸ்ப்ரே கேனில் மேட் வார்னிஷ் அடித்தேன். (ஸ்ப்ரே கேனும் ஏர்பிரஷ் மாதிரிதானே என்று யாராவது கேட்டால், வாதாட மாட்டேன்.) பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்தது.

காரணம் கேனில் இல்லை. வார்னிஷில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் பனியாகப் படிந்து, காயும் படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் கோக்கிறதே, அதேதான். ராத்திரி தூக்கம் வரவில்லை. துடைத்து எடுக்கலாமா என்று பஞ்சை எடுத்தேன், வைத்தேன். ஒருமுறை அப்படிச் செய்து நீலம் உரிந்தது ஞாபகம் இருந்தது.

ஒன்றும் செய்யாமல் தை வரை டப்பாவில் மூடி வைத்ததுதான் சரியான வைத்தியமாக அமைந்தது. பொங்கல் கழித்து, நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம், கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு (சுடுதண்ணீர் கூடவே கூடாது, வெடிக்கும்), அதே வார்னிஷை மெல்லிய ஒரு பூச்சு அடித்தேன். புதுக் கரைப்பான் பழைய படலத்தை இளக்க, சிக்கியிருந்த ஈரம் வெளியேறி, வெள்ளை மறைந்தது. கூரையில் மட்டும் ஒரு ஓரத்தில் லேசாக மிச்சம் நின்றது. நிஜ வண்டியில் வெயிலில் வெளுத்த கூரை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பொடி வேலை ஒரே நாளில் முடிந்தது. போகிக்குக் காவியும் கரியும், அதற்குமேல் வண்டல், ரேடியேட்டர் சல்லடையில் சாக்பீஸ் தூளில் மஞ்சள் சேர்த்த வைக்கோல் நிறம், புகைபோக்கியைச் சுற்றி விளக்குக்கரி. பொடிக்குமேல் வார்னிஷ் அடித்தால் பாதிக்குமேல் காணாமல் போகும் என்பது முன்பே பட்ட அனுபவம். அதனால் கை படும் இடங்களில் மட்டும் டர்பன்டைன் சொட்டு விட்டு ஊறவைத்தேன். நனைந்ததும் கறுத்துப் பயமுறுத்தும், காய்ந்ததும் பழைய நிறம் திரும்பும். விளக்குக்கரிக்கு அதுவும் தேவைப்படவில்லை. அதிலிருக்கும் எண்ணெய்ப்பசையே பிடித்துக்கொண்டது. டாங்க்கில் டீசல் ஒழுகலுக்கு மட்டும் கடைசியாக ஒரு கோடு கிளாஸ் வார்னிஷ்.

தீர்ப்பு

மாசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா மேலே பார்க்கவே இல்லை. கவிழ்த்துப் போகியைப் பார்த்தார், டீசல் டாங்க்கைப் பார்த்தார், படியை நகத்தால் தடவினார். உள்ளே திரும்பிப் பெரியம்மாவைக் கூப்பிட்டார். "இந்தா, வந்து பாரு. இந்த எண்ணெய்தான் உன் புடவையில பட்டுச்சுன்னு ஒரு வருஷம் சொல்லிக்காட்டுன."

பெரியம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பெரியப்பா திரும்பவும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முகப்பு விளக்கையே உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் எங்கப்பா?"

சரஸ்வதி பூஜைக்கு மறுநாளிலிருந்து மாதக்கணக்கில் அது வண்டியில் இருக்குமாம். விளக்குக்குக் கீழே மூன்று விரலால் இழுத்த பட்டை, நடுவில் குங்குமம். ஐப்பசி மழையில் குங்குமம் மட்டும் கரைந்து கீழே இறங்கும், சந்தனம் வெளிறி ஒட்டிக்கொண்டே இருக்குமாம். மாடலை வீட்டுக்குத் திரும்ப எடுத்துவந்தேன். மூன்று விரல் பட்டை 87-இல் ஒரு பங்கானால் ஒவ்வொரு கோடும் கால் மில்லிமீட்டருக்கும் கீழே. சாமி கண் எழுதும் அந்தத் தூரிகை அப்போதுதான் உண்மையில் உதவியது. வெளிறிய மஞ்சளில் மூன்று கோடு, நடுவில் சிவப்பு ஒரு புள்ளி, அதிலிருந்து டர்பன்டைன் ஈரத்தில் கீழ்நோக்கி ஒரே இழுப்பு.

இரண்டு நாள் காயவிட்டுக் கொடுத்தேன். குட்டை மூக்குப் பக்கம் வைத்திருந்தேன். "நீள மூக்குப் பக்கமும் வைப்போம்ப்பா, அதுவும் முகம்தானே" என்றார். அந்த வாரமே அதையும் வைத்துக் கொடுத்துவிட்டேன்.